கையில் ஒட்டிய ஊதா

போன மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க, நான் வேலை பார்த்த யூனிட்டுக்குப் போயிருந்தேன். பெயின்டிங் செக்‌ஷனில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. டைல் சூளையிலிருந்து வெளியே வரும்போது என்ன நிறத்தில் இருக்குமோ, அதை முன்கூட்டியே திரையில் காட்டிவிடுகிறது. அங்கே இருந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்கல்லாம் சுடறதுக்கு முன்னாடி நிறத்தை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"எங்க தெரிஞ்சுக்கிட்டோம்? நெனச்சுக்கிட்டோம்" என்றேன். சிரித்தார்கள். டீ வந்தது. பேச்சு பொண்ணு என்ன படிச்சிருக்கு, மண்டபம் எங்கே என்று போய்விட்டது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கேட்டவர்களுக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு வந்தோமே என்று உறுத்தியது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவள் நான். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டிருந்தது. முதல் மூன்று வருஷம் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஒட்டு சுரண்டினேன். அடுத்த மூன்று வருஷம் கண் வைத்தேன். பிள்ளையாருக்குக் கண், மயிலுக்குக் கண், தலையாட்டும் செட்டியாருக்குக் கண். படம் வரைய யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்து மேஜையில் ஸ்டெல்லா பிரஷ் பிடிப்பதைப் பார்த்துப் பிடித்தேன். அவள் யாரைப் பார்த்துப் பிடித்தாளோ!

முழுப் பொம்மைக்கு நிறம் கொடுக்கிற வேலை கைக்கு வந்த முதல் வாரமே பெரிய கூத்து நடந்தது. கிருஷ்ணர் பொம்மை நாற்பது. நீலத்துக்கு நாங்கள் கோபால்ட் பொடியைக் கோந்துத் தண்ணீரில் கரைத்துப் பூசுவோம். கரைத்தால் அது நீலமாக இருக்காது. வெயிலில் வாடின நாவல்பழத் தோல் மாதிரி ஒரு மங்கின ஊதா. அதன்மேல் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைக் கொடுத்து, சூளையில் சுட்டால்தான் நீலம் எழுந்து வரும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் கண் கேட்கவில்லை. 'இவ்வளவு சோகையா இருக்காரே கிருஷ்ணர்' என்று இரண்டாவது கை பூசினேன், மூன்றாவது கையும் பூசினேன். சூளை திறந்தால் நாற்பது பேரும் கன்னங்கரேல் என்று நிற்கிறார்கள்.

எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் தனபால் சார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மரகதம், இவரு வெண்ணெய் திருடப் போனாரா, கரி மூட்டை தூக்கப் போனாரா?"

செக்‌ஷனே சிரித்தது. ஆனால் அந்த நாற்பதையும் சேத்தியாத்தோப்புச் சந்தையில் கடை போடுகிற ஒரு அம்மா அப்படியே அள்ளிக்கொண்டு போனது. "கண்ணன் கருப்புதானே? இத்தினி நாளா நீங்கதான் நீலம் பூசி ஏமாத்திக்கிட்டு இருந்தீங்க" என்று எங்களுக்கே பாடம் நடத்திவிட்டுப் போனது. நான் தப்பித்தேன்.

தனபால் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். முடித்த பொம்மையைக் கொண்டுபோய் நீட்டினால், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றுகொள்வார். கையை நீட்டிப் பொம்மையைத் தூரப் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்ப்பார். நல்லா இருக்குது என்றும் சொல்ல மாட்டார், நல்லா இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். அவ்வளவுதான்.

ஒருமுறை கொலுவுக்கு வளைகாப்பு செட் செய்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கு ரோஸ் கன்னம் வைத்து, சினிமாக்காரி மாதிரி பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு எத்தினியாவது மாசம்?"

"ஏழு சார்."

"ராத்திரி தூங்கிச்சா?"

எனக்கு அப்போது ஆறாவது மாசம். என் முகத்தை நான் கண்ணாடியில் பார்க்காதவளா? திரும்பி வந்து, அவள் கண்ணுக்குக் கீழே துளி மஞ்சளும் துளி சாம்பலும் கலந்து, கோடாகத் தெரியாமல் கரைத்துவிட்டேன். ரோஸைப் பாதியாகக் குறைத்தேன். சுட்டு வந்தபோது அந்தப் பொம்மை களைப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முகம் சிவப்பு, புடவை பச்சை என்று பொருளுக்கு நிறம் கொடுப்பது ஒரு வேலை. மனசுக்கு நிறம் கொடுப்பது இன்னொரு வேலை. எனக்கு அன்றைக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. அதில் நான் கெட்டிக்காரி என்று இன்றைக்கும் கூசாமல் சொல்வேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒருநாள் என்னைப் பொய் சொல்ல வைத்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேப்பூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே இருந்து சவரிமுத்து என்று ஒருவர் வந்தார். கொஞ்சம் நிலம், நாலைந்து மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். அவர் மகன் அமல்ராஜ் விடிகாலையில் பால் கேனோடு மொபெட்டில் போகும்போது ஹைவேயில் லாரி மோதி இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயசு. மகன் ஞாபகமாகக் கோயில் வாசலில் ஒரு கெபி, அதாவது குகை மாதிரி ஒரு சின்ன மாடம், கட்டுகிறார்கள். அதன் சுவரில், மகனை இழந்து துயரப்படும் வியாகுல மாதா படத்தை டைலில் பதிக்க வேண்டும். மகன் இறந்து வருஷம் நிறைகிற ஆண்டுப் பூசையன்றைக்கு மந்திரிப்பு, ஃபாதர் ஆசீர்வதிப்பார்.

"மாதாவுக்கு நீல முக்காடு போடுங்க. ஃபாதர் சொல்லியிருக்காரு" என்றார். பிறகு எழுந்து போனவர், திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார். "என் சம்சாரம் ரெஜினா, பையன அடக்கம் பண்ணினதுல இருந்து கோயில் படி ஏறலம்மா. மாதாகிட்டயே கோவிச்சுக்கிட்டா. படம் எனக்குப் பிடிச்சிருந்தா வரேன்னு சொல்லியிருக்கா. அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

இருபத்து நாலு டைல். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நம்பர் எழுதி, சாய்த்த பலகையில் வரிசையாக அடுக்கி, பென்சிலில் உருவம் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு மூன்று நாள். பின்னால் வெளிர்நீல வானம். முக்காட்டுக்குக் கோபால்ட், ஒரே கை. கிருஷ்ணர் கற்றுக்கொடுத்த பாடம்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு கட்டளை உண்டு. சுடாத படத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. "வெந்ததைத்தான் இலையில போடணும்" என்பார் தனபால் சார். அன்றைக்கு அவர் லீவு. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சவரிமுத்து வந்து நிற்கிறார். பின்னால் ஒரு அம்மா, தோளை மூடிப் போர்த்திக்கொண்டு.

"ரெஜினாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தோம். பாக்கணும்னு அவளே சொன்னா. அவளா வாயத் திறந்து ஒண்ணு கேட்டு ஒரு வருஷமாகுது."

ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அந்த அம்மா பலகைக்கு முன்னால் நின்றது. முகத்தைப் பார்க்கவில்லை. முக்காட்டையே பார்த்தது. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி முக்காட்டின் ஓரத்தைத் தொட்டது. சுடாத நிறமாயிற்றே, ஊதாப் பொடி விரலில் அப்பிக்கொண்டது. விரலைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"இதான். இதே நிறம்தான். இது இப்படியே இருக்குமாம்மா?"

'இது சூளைக்குள்ள போனா நீலமாயிடும்மா' என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் தீட்டிய படத்துக்கு முன்னால் நின்று ஒரு தாய் அழுகிறது. எனக்கு உள்ளே பெருமை பொங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"இருக்கும்மா" என்றேன்.

விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னைப் பார்த்தாள். "ஏண்டி, பொய்யையும் கோந்து போட்டுத்தான் கரைப்பியா?"

நாலாம் நாள் சூளை திறந்தது. ஒவ்வொரு டைலாக நம்பர்படி எடுத்துத் தரையில் அடுக்கினோம். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். திட்டு இல்லை, கொப்புளம் இல்லை. தனபால் சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, கேள்வி கேட்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"நல்லா இருக்குது."

ஊரே கைதட்டியிருந்தாலும் எனக்கு அப்படி இருந்திருக்காது. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கிராம்பை மென்றபடி கேட்டுவிட்டு, "அப்ப நல்லா இல்ல" என்றார். குனிந்து முதல் டைலைக் குப்புறக் கவிழ்த்தார். மீதி இருபத்து மூன்றை நான் கவிழ்த்தேன்.

ஆண்டுப் பூசைக்கு ஐந்து வாரம் இருந்தது.

சுட்டாலும் மாறாத ஊதா வேண்டும். ஸ்டெல்லா கிறிஸ்தவக் குடும்பம். தவக்காலத்தில் சாமியார் ஊதா அங்கிதான் போடுவார், அது துக்கத்துக்கான நிறம் என்று சொன்னாள். பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். துக்கம்தானே, கொண்டுவந்துவிடலாம். மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா வரும். எங்கள் வழக்கம், எந்த நிறத்தையும் முதலில் தீப்பெட்டி அளவுச் சில்லில் பூசி, கலவையைப் பின்னால் எழுதி, மற்ற சரக்கோடு சேர்த்துச் சுட்டுப் பார்ப்பது. சுட்டேன். முதல் வரிசை கத்திரிக்காய். அடுத்த வரிசை அடிபட்டுக் கன்றிப்போன முழங்கால். கொஞ்சம் குறைத்தால் பழைய ரத்தம். சில்லுகளில் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிக்கொண்டே போனேன். ஸ்டெல்லா அந்த ஆணிக்குக் காய்கறிக் கடை என்று பெயர் வைத்தாள். இரண்டு வாரம் ஓடிவிட்டது.

தனபால் சார் ஒருநாள் வந்து சில்லுக் கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"எதைத் தேடுற?"

"துக்கத்தை சார்."

"அந்தம்மா துக்கம்னு சொல்லிச்சா?"

"இதே நிறம்னு சொன்னாங்க."

"எதோட நிறம்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை.

"போ. உண்மையைச் சொல்லிட்டு, கேட்டுட்டு வா. பொய் சொன்ன வாய்தான் போகணும், வேற ஆளு அனுப்ப முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேப்பூரில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். லாரிகள் ஒன்று மாற்றி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. வழக்கமாக வாய் ஓயாத ஸ்டெல்லா அந்த ரோட்டைப் பார்த்ததும் போண்டாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினாம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தது. மற்ற மாடுகளைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பசுவை வைத்திருந்தார்கள்.

"வாங்க. வூட்டுல அவரு இல்ல, வயலுக்குப் போயிருக்காரு."

"உங்களத்தாம்மா பாக்க வந்தேன். அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். நீங்க பாத்த நிறம் நெருப்புல நிக்காது. அது நீலமாயிடுச்சு."

சண்டை போடும், போ என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றது.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அந்த நிறம் நிக்காதும்மா. எப்பவுமே நிக்காது."

"அது எதோட நிறம்மா?"

பசுவின் கழுத்திலிருந்து கையை எடுத்தது. பிறகு கொட்டகையிலிருந்து வெளியே வந்து தெருக்கோடியைக் காட்டியது.

"விடியறதுக்கு முன்னால, கேனை மாட்டிக்கிட்டுக் கெளம்புவான். நான் வாசல் தெளிச்சுக்கிட்டே பாப்பேன். அந்தா, புளியமரத்தாண்ட வண்டி திரும்பற வரைக்கும் வானம் அந்த நிறத்துல இருக்கும். திரும்பி முடிச்சதும் வெளுத்துடும். ஒரு வருஷமா அந்த நேரத்துக்கு நான் கதவத் தொறக்கறதே இல்ல. உங்க பலகையில பாத்தேன். மாதா அந்த நேரத்தப் போத்திக்கிட்டு நின்னாங்க."

ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. சாவின் நிறம் என்று நினைத்து மாங்கனீஸைக் கொட்டிக்கொண்டிருந்தேனே, அந்த அம்மா பார்த்தது உயிரோடு வண்டி ஓட்டிக்கொண்டு போகிற பிள்ளையை! என் ஆணியில் தொங்கிய அத்தனை சில்லும் ஒரே நொடியில் தப்பாகிப் போயின.

மறுநாள் விடிகாலை, சில்லுக் கொத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பல் விளக்க வந்த என் வீட்டுக்காரர் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி, வானத்துக்கு டைல் ஒட்டப் போறியா?"

"அளவெடுக்கறேன், சும்மா இருங்க."

வானம் முதலில் வெறும் சாம்பலாகத்தான் இருந்தது. ஊதாவே இல்லை. ஏமாந்துபோய் இறங்கலாம் என்று நினைத்தபோது, கிழக்கே அடியில் ஒரு நூல் மஞ்சள் வந்தது. அந்த மஞ்சள் வந்ததும் மேலே இருந்த சாம்பல் முழுவதும் ஊதாவாகிவிட்டது. சாம்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் மஞ்சள் வந்து நின்றது, அவ்வளவுதான். இத்தனை வருஷமாக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் கரைத்தவள், எது பக்கத்தில் எது நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

அன்றைக்கே புதுச் சில்லு. கோபால்ட் மிக மெல்லிசாக, மாங்கனீஸ் பிரஷ் நுனியில் எடுத்தது மட்டும். பளபளக்கிற கிளேஸ் வேண்டாம், பால் ஏடு மாதிரி மங்கலான கிளேஸ் போதும். தனியாகப் பார்த்தால் மழைக்கு முந்தின மேகம். அதன் பக்கத்திலேயே இளமஞ்சள் ஒரு இழுப்பு. சுட்டு வந்ததும் தனபால் சார் மஞ்சளை விரலால் மறைத்துப் பார்த்தார், விரலை எடுத்துப் பார்த்தார். மறைத்தால் சாம்பல். எடுத்தால் ஊதா. மறுபடி மறைத்தார், மறுபடி எடுத்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

இருபத்து நாலு டைலும் புதிதாக. வெளிர்நீல வானம் போயிற்று. மாதாவின் தோளுக்குப் பின்னால், தாழ்வாக, மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சம் படுகிற பக்கத்துக் கன்னத்தில் மட்டும் அதே மஞ்சளில் ஒரு துளி. கண்கள் தரையைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கும்படி மாற்றினேன். கண் வைத்துப் பழகிய கை, அங்கே கைவிடவில்லை.

சூளை திறந்த அன்றைக்கு சவரிமுத்து ஃபாதரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லா டைலையும் அடுக்கி முடித்தோம். சவரிமுத்துதான் இழுத்தார். "நீல முக்காடுன்னு சொன்னோமேம்மா..."

ஃபாதர் தள்ளி நின்று பார்த்தார். "இது என்ன நேரம்?" என்று கேட்டார்.

"விடியப் போற நேரம் ஃபாதர்" என்றேன்.

சவரிமுத்து கிட்டே வந்து குனிந்து அந்த மஞ்சளைப் பார்த்தார். ஒருவேளை அவருக்கும் அந்த நேரம் தெரிந்திருக்கும். ஃபாதர் தலையை ஆட்டினார்.

தனபால் சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நல்லா இருக்குது என்று சொல்லவில்லை.

"மரகதம், இவங்க யாரை எதிர்பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?" என்றார்.

அவர் பழையபடி கேள்வி கேட்டதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. முதலில் சுட்ட நீல மாதாவை அவரே எங்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேல் சுவரில் பதிக்க வைத்தார். போன மாசம் போனபோதும் பார்த்தேன், அந்த நீலம் இம்மி குறையவில்லை.

ஆண்டுப் பூசை விடிகாலைப் பூசை. நான், ஸ்டெல்லா, தனபால் சார் மூன்று பேரும் முதல் நாளே போய் ஸ்டெல்லாவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தோம். நாங்கள் கோயிலுக்குப் போனபோது கெபிக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சவரிமுத்து வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தார். "கெளம்பிட்டியான்னு கேட்டேன், பதில் சொல்லல" என்றார். மந்திரிப்பு முடிந்தது. கூட்டம் உள்ளே போயிற்று. கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினாம்மா தனியாக நடந்து வந்தது. நேராகக் கெபிக்குப் போய் நின்றது. அன்றைக்கு மாதிரியே ஆள்காட்டி விரலை நீட்டி, முக்காட்டின் ஓரத்தைத் தொட்டது. விரலைத் திருப்பி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, மறுபடியும் பார்த்தது.

"ஒண்ணும் ஒட்டலயே."

"ஒட்டாதும்மா" என்றேன். "சுட்டாச்சு. இனிமே இது மாறாது."

விரலை மடக்கிக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. உள்ளே பாட்டுச் சத்தம் எழுந்தது.

"பூசை ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டது. யாரைக் கேட்டது என்று தெரியவில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள். "இப்பத்தாம்மா. மொத பாட்டுதான்."

கோயில் படிக்குக் கீழே, எங்கள் மூன்று பேர் செருப்புக்குப் பக்கத்தில், அந்த அம்மா தன் செருப்பைக் கழற்றிவிட்டது.